பச்சைக் கதவு வேகன்

காலையில் இழுத்துச் சாத்திய வேகனின் கதவு ஒரு நூலளவு திறந்திருந்தது. கண்ணாடி அலமாரி பூட்டியபடியே இருக்க, சாவி கிருபானந்தத்தின் சட்டைப்பையில் கிடந்தது. காட்பாடி பாசஞ்சர் போகும்போது சுவர் அதிர்ந்திருக்கும் என்று அவர் தீர்மானித்துக்கொண்டார்.

சித்தூர் மிஷன் பள்ளியின் டிராயிங் மாஸ்டர் அவர். துரைமார் குடும்பங்கள் விட்டுப்போன அமெரிக்கச் சரக்கு வேகன்களை, உள்ளங்கை நீளத்துப் பிளாஸ்டிக் பொம்மைகளை, முப்பது வருடமாகச் சேர்க்கிறார். எந்த வருடத்து அச்சு, எழுத்து குத்தியதா ஒட்டியதா, கதவு அசலா மாற்றியதா என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். மிஷன் காம்பவுண்டு ஜனங்களுக்கோ எல்லாமே பொம்மை ரயில். இந்த மந்தைக்கு நடுவே பிழைக்க வேண்டியிருக்கிறதே என்று தினமும் ஒரு தடவையாவது சலித்துக்கொள்வார்.

இந்த இருபத்தெட்டாவது வேகன் முந்தாநாள் வந்தது. கல்லறைத் தோட்டத்து மதிலுக்குக் கடைக்கால் தோண்டிய பாலையா, மண்ணில் கிடைத்ததென்று கொடுத்துவிட்டுப் போனான். எந்தக் குழியை வெட்டினாய் என்று கிருபானந்தம் கேட்கவில்லை. காவி வேகனுக்குப் பச்சைக் கதவு. முதல் அச்சில் மட்டுமே அப்படி வந்ததாகக் கேட்லாக் சொன்னது. மதராஸில்கூட எவனிடமும் இருக்காது.

சாயங்காலம் ஜெயகுமாரி வந்தாள். பள்ளிக்கூடத்தில் சமைப்பவள், ஆறு வயது மகனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பதினாறு வருடமாகிறது. கதவருகிலேயே நின்றாள். அவள் மேல் சாம்பார் வாடை அடித்ததில் கிருபானந்தம் முகத்தைச் சுளித்தார்.

“பாலையா சொன்னான் சார். அது எம்புள்ள வண்டி. கையில வெச்சித்தான் பொட்டிய மூடனோம். குடுத்துடுங்க, திரும்ப அவன்கிட்டயே வெச்சிடறேன்.”

அவர் சிரித்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று அந்த வருடம் அமெரிக்காவிலிருந்து வந்த கிறிஸ்துமஸ் பெட்டியில் இருந்ததெல்லாம் மட்டமான காவிக் கதவு, இது முதல் அச்சு, உன் பையனுக்கு இதையெல்லாம் எவன் கொடுப்பான் என்றார்.

“எல்லாப் புள்ளைங்களுக்கும் ஒரே மாதிரி வண்டி சார். மாறிடக்கூடாதுன்னு நான்தான் கதவுக்குப் பச்சை பூசனேன். சொரண்டிப் பாருங்க, அடியில காவிதான்.”

அலமாரியைத் திறந்து, அவளுக்கு முதுகைக் காட்டியபடி, கதவின் உள்விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். சந்தேகம் வந்தால் எப்போதும் செய்வதுதான்: அசலென்றால் ஆழம் வரை ஒரே நிறம். பச்சை உரிந்தது. அடியில் காவி.

ஒரு சமையல்காரி பூசிய பெயிண்ட். முதல் அச்சென்று மதராஸுக்குக் கடிதம்கூடப் போட்டாகிவிட்டது.

“பச்சைதான். போம்மா,” என்றார் கிருபானந்தம்.

அவள் பச்சைத் துகள் ஒட்டியிருந்த அவர் நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்விட்டாள். அழுதிருந்தாலாவது கத்தி விரட்டியிருக்கலாம் என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது.

வேகனை உள்ளே வைத்துப் பூட்டினார். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. தேவாலயத்தில் பாடகர் குழு நாளைய கீர்த்தனையைத் தப்பும் தவறுமாகப் பழகிக்கொண்டிருந்தது. அபஸ்வரக் கூட்டம் என்று முனகியபடி அவர் ஜன்னலைச் சாத்தியதும் அறைக்குள் ஈரமண் வாடை எழுந்தது. கூடவே, நெடுநாள் மூடியிருந்த துணியின் புழுங்கல். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய, பொறுமையான, பிளாஸ்டிக்கில் நகம் தேய்கிற சத்தம்.

எலி என்று நினைத்தார்.

அலமாரியைத் திறந்தார். வேகனுக்குக் கீழே கண்ணாடித் தட்டில் பச்சைத் துகள்கள். அவர் சுரண்டியதைவிட அதிகம். வேகனின் கதவு விரல் நுழையும் அளவு திறந்திருந்தது; அதன் உள்பக்கம் முழுக்கக் கோடுகள். உள்ளேயிருந்து வெளியே இழுத்த கோடுகள். எங்கும் காவி.

கதவை மூடிவிட்டால் போதும். கட்டைவிரலை வைத்துத் தள்ளினார்.

விரல் உள்ளே போனது.

ஏதோ பிடித்தது. குளிர்ச்சி. சின்ன விரல்கள். ஒன்று. இரண்டு. ஐந்து. எலி இல்லை.

இழுத்தார். வரவில்லை. வேகன் தட்டோடு ஒட்டியதுபோல் அசையாமல் நின்றது.

“குடுத்துடறேன்,” என்றார். “அவகிட்டயே குடுத்துடறேன்.”

பிடி தளரவில்லை. அவருடைய நகத்தின் ஓரத்துத் தோலில் ஒரு சின்ன நகம் வந்து பதிந்தது. அவசரமே இல்லாமல், அடியில் என்ன நிறம் என்று பார்க்க, அது சுரண்டத் தொடங்கியது.