மார்த்தாள் போட்ட பூட்டு

நைட் ஷிப்ட் முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சோடு மில் கேட்டைத் தாண்டப் போனேன். மேனேஜர் ஆவுடையப்பன் கூப்பிட்டார்.

"ஏலே சங்கரசுப்பு, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்லா?"

"பாதியில விட்டவன் சார்."

"பாதி போதும். வா."

கம்ப்யூட்டர் அறைக்கு ஜன்னல் கிடையாது. தூசி ஆகாது என்பதால் செருப்பை வெளியே விட்டுத்தான் நுழைய வேண்டும். முந்தின வருஷம் ஆயுத பூஜையில், தறி, நூல் சுற்றும் கதிர் என்று எல்லாவற்றுக்கும் வைத்த கையோடு, கம்ப்யூட்டர் விவரம் ஏற்றியிருந்த பிளாப்பிகளுக்கும் சந்தனம் அப்பிவிட்டார்கள். ஈரம் உள்ளே இறங்கி எல்லாம் பாழ். பஞ்சுத் தூசியால் யார் யாருக்கு நெஞ்சு கெட்டிருக்கிறது என்று டாக்டர் சோதித்துச் சொன்ன விவரமும் அதோடு போனது.

ஆபரேட்டர் மார்த்தாள் அறுநூறு பேர் விவரத்தையும் திரும்ப அடித்தாள். இனி எவன் கையும் படக் கூடாது என்று ரகசியச் சொல் ஒன்றைப் போட்டுப் பூட்டினாள். அவளும் பஞ்சு அறையில் வேலை பார்த்து வந்தவள்தான். போன மாதம் அதே இருமலில் செத்தாள். சொல்லும் அவளோடு போனது.

"பேக்டரி இன்ஸ்பெக்டர் இன்னைக்கு அந்த விவரத்தப் பாக்க வாராரு," என்றார் மேனேஜர். "புதுசா அடிக்க நேரமில்ல. திறந்து, கெட்டுப்போச்சுன்னு இருக்க இடத்துல எல்லாம் நல்லா இருக்குன்னு மாத்து. ஏசு, சிலுவைன்னு ஏதாவது போட்டுப் பாருலே."

அதில், இதே மில்லில் வேலை பார்க்கும் என் அக்கா பூமாரி பெயர் இருந்தது. ரத்தமாகத் துப்புகிறாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த காசநோய் என்று மில் சொல்கிறது. அந்த ஒரு வரி மாறினால் அவளுக்கு வைத்தியமும் இல்லை, வேலையும் இல்லை.

செருப்பைக் கழற்றினேன். பக்கத்தில் இன்னொரு ஜோடி கிடந்தது. வார் அறுந்த இடத்தில் ஊக்கு.

மார்த்தாளுடையது.

உள்ளே நுழைந்து பிளாப்பியைச் செருகினேன். கரண்ட் போனது. ஏசி அடங்கியது. இருட்டில் நீலகிரித் தைல வாசனை.

பிறகு இருமல்.

என் தோளுக்குப் பின்னால்.

"மார்த்தாளக்கா," என்றேன். "என்னய மிரட்டாத. நான் மாத்த வரல. எங்கக்கா பேரும் இதுல கிடக்கு."

இருமல் நின்றது.

கரண்ட் இல்லாமலே திரை பச்சையாக எரிந்தது. ரகசியச் சொல் கேட்டது. என் கைகள் மடியில் இருந்தன.

கீபோர்டு தட்டும் சத்தம்.

பெயர்கள் ஓடி வந்தன. மேனேஜர் ஷூவோடு உள்ளே பாய்ந்தார்.

"திறந்துட்டியால? மாத்து!"

"மாட்டேன்."

"ஒங்கக்காவயும் ஒன்னயும் சேத்து வெளிய தள்ளிருவேன்லே."

"தள்ளும். கீபோர்டுல கைய மட்டும் வைக்காதேயும்."

அவர் கையை வைத்தார். உடனே பிடரியைப் பொத்திக்கொண்டு திரும்பினார். அங்கே யாரும் இல்லை. அவர் சட்டைக் காலரில் ஈரப் பஞ்சு, சிவப்பாக.

பிரிண்டர் கிறீச்சிட்டு அடிக்க ஆரம்பித்தது. மேனேஜர் ஒயரைப் பிடுங்கினார். பிடுங்கிய ஒயர் கையில் தொங்க, பிரிண்டர் அடித்துக்கொண்டே இருந்தது.

சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்றவர் இன்ஸ்பெக்டர். தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்தேன்.

அக்கா இப்போது ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறாள், மில் செலவில். ஆவுடையப்பன் வேலையை விட்டுப் போய்விட்டார். கம்ப்யூட்டருக்கு என்னைப் போட்டார்கள்.

புது மேனேஜர் நேற்றுக் கேட்டார். "அந்த ரகசியச் சொல் என்னப்பா? எனக்கும் தெரியணும்லா."

"எனக்கே தெரியாது சார்."

"பொறவு எப்படித் திறக்க?"

பிளாப்பியைப் போட்டுவிட்டு, கைகளை மடியில் வைத்துக் காத்திருப்பேன். அவ்வளவுதான். அதை அவரிடம் சொல்லவில்லை.

"கேக்கணும்னா, ஷூவைக் கழத்திட்டு உள்ள வாங்க," என்றேன்.

அவர் குனிந்தார். என் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்த ஊக்குப் போட்ட ஜோடியைப் பார்த்தார்.

"உள்ள வேற யாரு இருக்கா?"

உள்ளே யாரோ இருமினார்கள்.