செவிச்சுவர் சொன்ன நான்கு விலைகள்

வைகுண்டம் காலைக் காப்பியைக் குடித்துவிட்டு, விண்ணுடையை மாட்டிக்கொண்டு, துடைப்பத்தோடு கூரை மேல் ஏறினார். முந்தின நாள் விழுந்த விண்கற்களைக் கூட்டி வாளியில் அள்ளினார். கடுகளவு, மிளகளவு, ஒன்றிரண்டு சுண்டைக்காய் அளவு. நிலாவுக்குக் காற்றுப் போர்வை கிடையாது. பூமியில் பாதி வழியிலேயே எரிந்துபோகிற கல்லெல்லாம் இங்கே நேராக வீடு தேடி வந்துவிடும். குடியிருப்பில் எல்லாக் குமிழ்வீட்டுக் கூரையிலும் அந்த நேரத்துக்கு யாராவது பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

இன்று வாளி சீக்கிரமே நிறைந்துவிட்டது. மாலை ஆறு மணிக்கு நிலா ஒரு வால்மீனின் தூசிப் பாதைக்குள் நுழைகிறது. கல்மழைக் காலம். அதற்குள் காப்பீட்டைப் புதுப்பித்தாக வேண்டும். வீடு நொறுங்கினால் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கொடுத்தால்தான் புதுப்பிப்பார்கள்.

மூன்று மாதமாக நினைவூட்டல் வந்தும் தள்ளிப்போட்டிருந்தார். பக்கத்து வீட்டு மரியதாஸ் கதைதான் தூக்கத்தைக் கெடுத்தது. அவர் வரி அலுவலகத்தில் சொன்ன தொகையையே காப்பீட்டுக்கும் எழுதினார். போன வருடம் கல் விழுந்தது. வந்த பணத்தில் சமையலறையும் முக்கால் கூடமும் எழும்பின. இப்போது குடும்பமே அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கிறது.

பத்து மணிக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பன் வந்தது. இடுப்புயர இயந்திரம், நான்கு கால். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி ஒளிக்கற்றையால் அளந்துவிட்டுக் கூடத்தில் நின்றது.

"மனை விலையைச் சேர்க்காதீங்க ஐயா. கல்லு விழுந்தா மனை எங்கயும் போகாது. சுவரு, கூரை, காத்துக்குழாய், ஆள் கூலி. கட்டினப்ப மொத்தம் எவ்வளவு ஆச்சு?"

வைகுண்டம் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். செண்பகவல்லி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நெனப்பில்லையே. நீதான் அளந்துட்டியே, போட்டுக்கோ."

"வெளிய அளந்துட்டேன். சுவருக்குள்ள என்ன போட்டிருக்குன்னு துளை போட்டுப் பாத்தா, உள்ள இருக்கிற காத்து போயிரும். பரவால்ல, செவிச்சுவரைக் கேட்டுக்கிடுதேன்."

வைகுண்டம் சுவரை ஏற இறங்கப் பார்த்தார். காற்றுக் கசிவைக் கேட்டுக் கண்டுபிடிக்க, எல்லா வீட்டுச் சுவரிலும் செவியிழை பதிப்பது சட்டம். கசிவோடு சேர்த்து வீட்டுப் பேச்சும் அதில் பதிவாகும். அதைக் கேட்கக் காப்பீட்டுப் படிவத்தின் பதினேழாம் பக்கத்தில் அவரே சம்மதம் கொடுத்திருந்தார், படிக்காமல்.

மதிப்பன் ஒரு காலைச் சுவரில் ஒட்டியது. சுவர் வைகுண்டத்தின் குரலிலேயே பேசியது.

வரி அலுவலகத்திடம் தொலைபேசியில்: "சின்ன வீடு சார். பன்னெண்டு லட்சம். அதுக்கே நாக்குத் தள்ளிட்டு."

புதுமனை விருந்தில் மைத்துனரிடம்: "அறுபதைத் தாண்டிட்டு மச்சான். தரையைப் பாத்தீங்களா? பூமியிலேர்ந்து வந்த கல்லு!"

மனைவியிடம்: "பதினெட்டுதான் வல்லி. காண்டிராக்டர் நம்ம ஆளுல்லா, குறைச்சுப் போட்டுட்டான்."

உண்மையில் ஆனது முப்பது. நம்ம ஆள் ஒரு பைசா குறைக்கவில்லை. தரைக்கல் பக்கத்துப் பள்ளத்தில் வெட்டியது.

வைகுண்டம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் இன்னும் முடிக்கவில்லை. இப்போது செண்பகவல்லியின் குரல், தங்கையிடம்:

"பதினெட்டுங்காரு உங்க அத்தான். முப்பது இழுத்திருக்கும்டி. குழாய்க்காரன்ட்டயும் சுவர் எழுப்பினவன்ட்டயும் நான் தனித்தனியா விசாரிச்சுட்டேன். கேட்டா மனுசன் வாடிப்போவாரு. விடு."

"முப்பது," என்றது மதிப்பன். "இடிபாடு அள்ளுற கூலியும் விலை ஏத்தமும் சேர்த்து முப்பத்தி மூணு. பதிஞ்சாச்சு. இந்த நிமிசத்துலேர்ந்து உங்க வீட்டுக்குக் காப்பீடு உண்டு."

"அந்த நாலாவது கணக்குதான் சரின்னு எப்படித் தெரியும்?"

"கையேட்டுல முதல் விதியே அதுதான் ஐயா. வரிக்காரர்ட்ட சொன்னதை விடு, விருந்தாளிட்ட சொன்னதை விடு, வீட்டம்மாட்ட சொன்னதையும் விடு. வீட்டம்மா தங்கச்சிட்ட சொன்னதை எடு. ஆயிரத்து நானூறு வீடு பாத்தாச்சு. ஒண்ணுகூடத் தப்பல."

"வரி அலுவலகத்துக்கு இது..."

"அது வேற துறை. எங்களுக்குள்ள பேச்சு கிடையாது. மனுசங்க வச்ச ஏற்பாடுதான்."

வைகுண்டம் மூன்று மாதமாக அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார். இனி கல் விழுந்தாலும் முழு வீடு எழும்பும். அதைவிடப் பெரிய கல் விழாமல் போனது வீட்டுக்குள்தான்.

"முப்பதுன்னு சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்?" என்றாள் செண்பகவல்லி. சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. "எங்கண்ணன் பாவம். பூமிக் கல்லுன்னு இந்தத் தரையைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போனான்!"

மதிப்பன் வாசலுக்கு நகர்ந்தது. வைகுண்டம் வழியனுப்பப் பின்னாலேயே போனார்.

"மதிப்பீட்டுக் கட்டணம் எண்ணூறு ஐயா," என்ற இயந்திரம், சுவரை ஒரு முறை திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தியது. "ரசீதோடயா, ரசீது இல்லாமலா? ரசீதுன்னா வரி தனி."

வைகுண்டம் வாயைத் திறக்கவில்லை. அவரும் சுவரைப் பார்த்தார். பிறகு, ரசீது வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார்.