பழைய ஜோடி

மேசைமேல் இருந்த டாங்கியின் தலை கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. அவன் சாப்பிட எழுந்து போகும்போது அது சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை, எதையும் கோணலாக வைத்துவிட்டுப் போகிற ரகமில்லை அவன். ஆலையில் தரப் பரிசோதகன். ஒரு மயிரிழை பிசகினாலும் பொருளைச் சிவப்புத் தொட்டியில் வீசிவிடுவதால் அங்கே அவனுக்கு ரிஜெக்ட் என்று பெயர் வைத்திருந்தார்கள், அவனும் அதை ஏதோ விருது போலச் சுமந்து திரிந்தான். மனைவி தூசி தட்டும்போது கை வைத்திருப்பாள் என்று முணுமுணுத்தபடி தலையைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்தான். பேட்டரி இன்னும் மாட்டவில்லை.

ரிமோட்டில் ஓடும் பொம்மை டாங்கிதான், முழங்கை நீளம். அதை ஒரு விதவையிடமிருந்து வாங்கி வந்திருந்தான். இந்த விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்களைக் கண்டாலே அவனுக்கு இளக்காரம். மலிவு டாங்கியை வாங்கியதும் வாங்காததுமாகச் சக்கரங்களைச் சுற்றி இரும்புச் செயினை மாட்டிவிடுவார்கள்; உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் அந்தக் கனம் தாங்காமல் ஒரே வாரத்தில் மழுங்கிப்போகும். முதலில் கியர்பாக்ஸ், அப்புறம்தான் செயின் என்ற அரிச்சுவடிகூடத் தெரியாத கூட்டம். செத்துப்போன அவள் புருஷனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். வயர்களைக் காக்காய் எச்சம் மாதிரிப் பற்றவைத்திருந்தான்.

"ரிமோட் இல்லீங்க," என்று அந்த அம்மாள் தயங்கிச் சொன்னாள். "ரெண்டு வருஷம் படுத்த படுக்கை. படுத்தபடியே ஓட்டுவார். எங்களுக்குக் குழந்தை இல்ல பாருங்க, வீட்டுக்கு எந்தக் குழந்தை வந்தாலும் இது பின்னாடியே போகும். போன அப்புறமும் ரிமோட்டை விடல, விரலைப் பிரிக்கவே முடியல. அப்படியே பெட்டியில வச்சு மூடிட்டோம்."

வழியெல்லாம் அவனுக்குச் சிரிப்பு. மனைவியின் தம்பிக்கும் இதே பைத்தியம். போனில் கேட்டதும் பதறினான். "மாமா, உள்ள இருக்கிற ரிசீவர் பலகையைத் தூக்கிப் போட்டுடுங்க. இல்லேன்னா பழைய ரிமோட்டோட ஜோடியையாவது அழிச்சிடுங்க. புது ரிமோட் மாட்டினாலும் அது பழசு சொல்றதையும் கேக்கும்."

"குழிக்குள்ள கிடக்கிறவன் எழுந்து வந்து ஓட்டப்போறானாடா?" என்று சொல்லிவிட்டு இவன் போனை வைத்தான். பழைய ஜோடியை அழிக்கவில்லை. பேட்டரியைத் தனியே பலகையில் தொட்டுப் பார்த்தபோது, இவனுடைய புது ரிமோட்டையும் சேர்த்து அது ஏற்றுக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மனைவி குடையை எடுத்தாள். "மருந்துக்கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன். பாப்பா தூங்கறா. அந்தச் சனியனைக் கொஞ்சம் மூட்டை கட்டிட்டு அவளைப் பாத்துக்கோங்க."

"ம்."

இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆம்பளை வேண்டுமா என்று மனதுக்குள் அலுத்துக்கொண்டான். பாப்பாவின் அறைக் கதவைச் சும்மா சாத்திவிட்டு வந்து, எஃகுப் பல்சக்கரங்களைக் கோர்த்தான், இரும்புச் செயினை மாட்டினான், பேட்டரியைச் செருகினான், டாங்கியைக் கூடத்துத் தரையில் இறக்கினான். ரிமோட்டின் குச்சியைத் தள்ளியதும் அது கரகரவென்று தரையை அரைத்தபடி கிளம்ப, மழை வாசனையோடு வேறொரு வாசனையும் மெல்ல எழுந்தது: நாள்பட்ட நோயாளியின் அறையில் அடிக்கும் தைல நெடி, அதன் அடியில் ஈர மண். குச்சியை விட்டான். டாங்கி நிற்கவில்லை. ஒரு முழம் தள்ளிப் போய்த்தான் நின்றது.

மலிவு ரிமோட்டின் புத்தி இதுதான் என்று நினைத்துக்கொண்டான்.

இடப்பக்கம் திருப்பினான். அது வலப்பக்கம் திரும்பியது. பாப்பாவின் அறைப் பக்கம். தலை மெதுவாகச் சுழன்று, பீரங்கிக் குழாய் அந்தக் கதவுக்கு நேராக வந்து நின்றது.

ரிமோட்டை அணைத்தான். பச்சை விளக்கு செத்தது.

டாங்கி நகர்ந்தது.

கதவை முட்டியது. பழைய பிளாஸ்டிக் சக்கரமாக இருந்தால் அங்கேயே பல் உடைந்து நின்றிருக்கும். இவன் மாட்டிய எஃகு நிற்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிற்று. கதவு சாத்திக்கொண்டது.

அவன் ஓடினான். தள்ளினான். உள்ளிருந்து ஏதோ எதிர்த்துத் தள்ளியது. கரகர. கரகர. பொம்மையை எதிர்த்து, தோள்பட்டையைக் கொடுத்து, ஒரு முழு மனிதன். அவமானமும் பயமுமாகக் கத்தினான். "பாப்பா!"

உள்ளே குழந்தை சிரித்தது.

பிறகு சத்தமில்லை.

கதவு தானாக விட்டுக்கொடுத்தது. கட்டிலடியில் டாங்கி. அசையாமல். பாய்ந்து கவிழ்த்தான், அடிமூடியைப் பிய்த்தான், பேட்டரியை உருவினான். உள்ளங்கையில் பேட்டரி. சூடாக. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

கவிழ்ந்து கிடந்த டாங்கியின் செயின் சுற்றத் தொடங்கியது.

தைல நெடி மூக்கை அடைத்தது. நிமிர்ந்தான்.

பாப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு ரிமோட். அவனுடையது இல்லை. ஈர மண் ஒழுகிப் படுக்கை விரிப்பெல்லாம் சேறு. இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"குடும்மா. அப்பாகிட்ட குடு."

பிடுங்கினான். வரவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிடித்து இழுத்தான், அந்தப் பிஞ்சு விரல்கள் சில்லிட்டு விறைத்திருந்தன. எத்தனை இழுத்தும் விரலைப் பிரிக்கவே முடியவில்லை.

அவள் கண்கள் மூடியிருந்தன. மூச்சு சீராக வந்தது. தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். கட்டைவிரல் மட்டும் குச்சியை மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தது.