இணைந்திருப்பவை: இரண்டு

என்கூட வேலை பார்த்த நெட்டை எனக்குத் தரவேண்டியது நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். பெண்சாதிக்குத் தையல் மிஷின் எடுக்க முன்பணம் கட்டவேண்டும் என்று வாங்கினான். இரண்டே நாளில் ஆளைக் காணோம்.

"கடனைக் குடுக்க முடியாம கம்பி நீட்டிட்டான்" என்றார் மேஸ்திரி. நானும் நம்பினேன்.

பழைய கிடங்கு ஒன்றின் முற்றத்தில் கேபிளுக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தோம். ஒரு கம்பெனி அங்கே இலவச வைஃபைக் கம்பம் நட்டிருந்தது. காசு கேட்காது. நாம் எதைத் தேடுகிறோமோ அதற்கேற்ற விளம்பரத்தைக் காட்டும், அவ்வளவுதான். தலை நரைக்கிற வயதில் எழுத்துக் கூட்டப் படித்தவன் என்பதால் எனக்கு அங்கே 'வாத்தியார்' என்று பட்டப்பெயர். நெட்டைக்கு அதுவும் தெரியாது. அதனால் அவன் போனையும் என் நம்பரிலேயே இணைத்துக் கொடுத்தேன். வேண்டியதைப் போனிடம் வாயால் சொல்லித்தான் தேடுவான். ஒரே நம்பர் ஆனதால், அவன் கேட்டதற்கெல்லாம் என் போனிலும் விளம்பரம் வரும். எப்போது திறந்தாலும் தையல் மிஷின்தான்.

அவன் போன அடுத்த வாரம், ஒரு காலையில் நான்தான் முதலில் வந்தேன். மழை விட்டிருந்தது. தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம். ஈர மண்ணோடு வேறு ஏதோ வாடை. போனைத் திறந்தேன்.

டார்ச் லைட்.

நான் டார்ச் தேடவில்லையே. தள்ளினேன்.

தண்ணீர் பாட்டில்.

மண்வெட்டி.

மூச்சுத் திணறலுக்கு மருந்து.

திரையின் அடியில் இருந்ததை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். 'இந்த எண்ணில் இணைந்திருப்பவை: இரண்டு.'

கம்பத்தின் சிக்னல் சுற்றுச்சுவரைத் தாண்டாது.

முற்றத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை.

மூலையில், மழைக்குச் சரிந்த பள்ளத்தை நாங்கள் அப்படியே மூடிவிட்ட இடத்தைப் பார்த்தேன்.

மேஸ்திரி வந்து சிரித்தார். "என்ன வாத்தியாரே, பாடம் புரியலையா?"

"அண்ணே, அந்தப் பள்ளம் சரிஞ்ச அன்னிக்குத்தானே அவனைக் காணோம்?"

போனை நீட்டினேன். படித்துக் காட்டினேன். அவர் மண்வெட்டியை எடுத்தார்.

நெட்டை அங்கேதான் இருந்தான்.

அவன் நெஞ்சுக்கடியில் போன். இரண்டாக உடைந்து, பிளவு முழுக்க மண் இறுகியிருந்தது. மண் சரிந்த அந்த நொடியிலேயே நொறுங்கியிருக்க வேண்டும்.

"அப்ப யாருய்யா தேடுனது?" என்று மேஸ்திரி கிசுகிசுத்தார்.

என் போனைப் பார்த்தேன். இன்னும் இரண்டு.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவன் வீட்டுக்குப் போனேன். ஊருக்கு வெளியே, கடைசித் தெரு. அவன் பெண்சாதி கசங்கிய நோட்டுகளை நீட்டினாள்.

"ஓடிட்டாருன்னு எல்லாரும் பேசுனாங்கண்ணே. இப்ப இதை வச்சுக்குங்க. மீதிய மெதுவாத் தர்றேன்."

"வேணாம்மா. அந்தக் கணக்கு முடிஞ்சுபோச்சு."

"அவரு ஒத்துக்க மாட்டாருண்ணே."

அவள் பின்னால் இருந்த இருட்டு அறையைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். "ஒரு பைசா பாக்கி இல்ல. தீர்ந்துச்சு."

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

டார்ச் இல்லை. தண்ணீர் இல்லை. தையல் மிஷின்.

அடியில்: 'இணைந்திருப்பவை: இரண்டு.'

அந்தத் தெருவில் கம்பமே கிடையாது.