வேர்மானிக்குத் தெரிந்த தமிழ்

கோகிலவாணி பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வீடு அவளுக்கு விற்கப்பட்டுவிட்டது.

"வாழ்த்துகள். நீங்கள் வேர் பிடித்துவிட்டீர்கள்" என்றது சுவரில் பதித்திருந்த வேர்மானி. அவள் வாயில் நுரையோடு கூடத்துக்கு ஓடி வந்து பார்த்தாள். வாசற்கதவின் பக்கத்தில், தரையிலிருந்து சுவரோடு ஏறிக்கொண்டிருந்த பச்சைக்கோடு நிலையின் மேல்கட்டையைத் தொட்டு நின்றது. கையெழுத்து கிடையாது, சாட்சி கிடையாது, பத்திர அலுவலகத்து மரத்தடியில் காத்திருப்பது கிடையாது. புதுக்கரையில் வீடு வாங்குவது அவ்வளவு சுலபம்.

அந்த ஊரில் வாங்குவதா, வாடகைக்கு இருப்பதா என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. முன்பெல்லாம் வேலைக்காக ஊர் மாறுகிறவர்கள் பட்ட பாடு கொஞ்சமா? வாடகை கொடுப்பது தண்டம் என்று மாமனார் சொல்வார், வாங்கினால் மாட்டிக்கொள்வாய் என்று மச்சினன் சொல்வான், இரண்டு பேர் பேச்சையும் கேட்டுவிட்டு மனிதன் தூக்கம் கெட்டுத் திரிவான். கடைசியில் அவசரத்தில் வாங்கியவன் அடுத்த வருஷமே பூட்டிவிட்டுப் போய்விடுவான். அப்படிப் பூட்டிய வீடுகளாலேயே சில ஊர்கள் செத்துப்போயின. அதனால்தான் இராமநாதபுரத்துக் கடலோரத்தில், வெயிலைக் கொண்டு கடல்நீரைப் பிளந்து நீரியம் என்ற ஹைட்ரஜன் வாயுவை எடுக்கும் ஆலையையும் அதற்கொரு நகரத்தையும் கட்டியபோது, நிர்வாகம் வீட்டுக்கொரு வேர்மானியைப் பதித்தது.

புதிதாக வருகிறவர் ஆறு மாதம் முன்குடியிருப்பு இருக்க வேண்டும். அவர் பேசுவதை வேர்மானி கேட்டுக்கொண்டிருக்கும். யோசித்துச் சொல்வது முடிவு, யோசிக்காமல் சொல்வது உண்மை என்பது அதன் விளம்பரம். மனம் இங்கே ஒட்டவில்லை என்றால் கோடு தரையிலேயே கிடக்கும், ஆறு மாதம் முடிந்ததும் மூட்டை கட்டலாம். ஒட்டிவிட்டால் வீடு சொந்தம், வேலை நிரந்தரம். ஒரே ஒரு சங்கடம், வேர் பிடித்தவருக்கு நாட்டில் வேறெங்கும் வீடும் கிடைக்காது, வேலையும் கிடைக்காது. வெளியூரில் போய்த் தங்குவதற்கும் மூன்று நாள்தான் அனுமதி.

கோகிலவாணி ஆலையில் அழுத்தக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். கணவன் நல்லசிவம் கோயம்புத்தூரில் கல்லூரி ஆசிரியர். வாங்கிவிடலாம் என்றான் அவன், வாடகைக்கு இருந்து பார்க்கலாம் என்றாள் இவள். சண்டை முற்றுவதற்குள் வேர்மானி இருக்கிறதே என்று இருவருக்கும் பெரிய நிம்மதி. அது சொல்கிறபடி செய்துகொள்ளலாம், யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது அவர்கள் மகள் நிறைமதியின் நெஞ்சு. விடுமுறைக்கு வந்த குழந்தைக்கு இரண்டாம் நாளே இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆலையிலிருந்து எழும் உப்புத்தூள் இந்தக் குழந்தைக்கு ஆகவே ஆகாது, இங்கே வைத்துக்கொள்ளாதீர்கள் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். குழந்தையைத் திருப்பி அனுப்பிவைத்த அன்றே கோகிலவாணி முடிவு செய்துவிட்டாள். முன்குடியிருப்பு முடிந்ததும் ராஜினாமா, கோயம்புத்தூரில் கிடைத்த வேலை. இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி என்று பெட்டியைக்கூட எடுத்துத் துடைத்து வைத்திருந்தாள். அந்த மனசில் எங்கே இருந்தது வேர்?

குடியமர்வு அலுவலகத்தில் ரகோத்தமன் என்ற அதிகாரி அவளுக்குக் காப்பி வரவழைத்தார். வாழ்த்துச் சொல்லத் தயாராக இருந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"நான் இங்க இருக்கவே போறதில்லீங்க. ராஜினாமாகூட எழுதி வெச்சுட்டேன். அது எப்படீங்க எனக்கு வேர் பிடிச்சுதுன்னு சொல்லும்?"

அவர் திரையைத் தட்டிப் பார்த்தார். "தினம் காலைல நீங்களேதான மேடம் சொல்லியிருக்கீங்க? வீட்டுக்குள்ள பாத்து, 'போயிட்டு வர்றேன்'னு. ஒரு நாள்கூட விடல. லீவுல ஊருக்குக் கிளம்பினப்பவும் சொல்லியிருக்கீங்க."

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பூசை மாடத்தில் இருக்கும் மாரியம்மன் படத்தைப் பார்த்துச் சொல்வது அது. ஆளில்லாத வீடென்றாலும் சொல்லாமல் படி இறங்கிப் பழக்கமில்லை.

"அது சாமிகிட்டச் சொன்னதுங்க."

"வீட்டுல வேற யாரும் இல்ல. வீடு தன்கிட்டச் சொன்னதா எடுத்துக்கிச்சு. அப்புறம் பக்கத்து வீட்டுல சொல்லியிருக்கீங்க, போன்ல சொல்லியிருக்கீங்க. எல்லாத்துலயும் 'வர்றேன்'தான்."

"சார், வர்றேன்னா போறேன்னு அர்த்தமுங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது எப்படி இருக்கிறது என்று அவளுக்கே உறைத்தது. ரகோத்தமனும் தமிழர்தான். அவர் வீட்டிலும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருப்பார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குத் தெரியாதா மேடம்? ஆனா அது அகராதி பாத்துக் கத்துக்கல, ஆளுங்களப் பாத்துக் கத்துக்கிச்சு. வர்றேன்னு சொல்லிட்டுப் போனவங்க எல்லாம் சாயங்காலம் வந்துர்றாங்க. சொன்னதச் செய்யறாங்கன்னு அது குறிச்சு வெச்சுக்குது. வேற தேசங்கள்ல இந்தப் பிரச்சினையே வரலியாம். அங்க போறவன் போறேன்னுதான் சொல்லுவான்."

வழி ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் வேரறுப்பு. வேர் பிடித்த அன்றே, பொழுது சாய்வதற்குள், வாசலில் நின்று வேர்மானியிடம் நேராகச் சொல்ல வேண்டும். போகிறேன், இனி வரமாட்டேன். கோடு தரைக்கு இறங்கும். இறங்கியிருக்கும்போதே படி தாண்டிவிட்டால் விடுதலை. சூரியன் விழும்போது கோடு ஏறி நின்றால் பதிவு உறுதியாகிவிடும்.

"அவ்வளவுதானுங்களா?" என்றாள்.

"அவ்வளவுதான்" என்றார் அவர், அவளைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்து நல்லசிவத்தை அழைத்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவன், சொல்ல வேண்டிய வார்த்தையைக் கேட்டதும் பதறிவிட்டான்.

"அதென்ன பேச்சு வாணி? அப்படியெல்லாம் வாயில வெச்சுச் சொல்லலாமா? வேற மாதிரி சொல்லிப் பாரு."

"வேற மாதிரி சொன்னா அதுக்கு ஏறாதுங்களாம்."

"எனக்கு மனசுக்கு ஒப்பல. பொழுதோட வீட்ட விட்டுக் கிளம்பறவ சொல்ற வார்த்தையா அது?"

பௌதிகம் சொல்லிக்கொடுக்கிற மனிதன். அவளும் நூறு மடங்கு காற்றழுத்தத்தைக் கையாள்கிறவள். இருந்தும் இரண்டு பேருக்கும் அந்த வார்த்தையை நினைக்கவே பயமாக இருந்தது. சிரிக்க வேண்டிய விஷயம்தான், சிரிக்கத்தான் முடியவில்லை.

எதிர்வீட்டுத் தொபியாஸ் அண்ணாச்சி கதவைத் தட்டினார். தூத்துக்குடிக்காரர், ஆலையில் குழாய் மேற்பார்வையாளர். போன வருஷம் அவருக்கும் இப்படித்தான் திடீரென்று வேர் பிடித்தது. மனைவி தூத்துக்குடியில், அவர் இங்கே. பெட்டியும் கையுமாக வந்து கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது.

"சொல்லிருவியா தங்கச்சி? நானும் நின்னேன், இதே மாதிரி, பெட்டியத் தூக்கிக்கிட்டு. போறேன்னு சொல்லியாச்சு. கோடு பாதி எறங்கிட்டு. இனி வரமாட்டேன்னு சொல்லணும் பாரு, அங்கதான் நாக்கு ஒட்டிக்கிட்டு. என்ன சொல்லன்னு தெரியாம, 'சரி, வாரேன்'னுட்டேன். மேல ஏறிட்டு. மறுபடி பொழுதும் இல்ல."

"நான் சொல்லிருவேன் அண்ணா. எனக்குப் புள்ள இருக்கு."

"சொல்லிரு. யோசிக்காத, கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிரு" என்றவர், தன் வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டே, "அப்ப நான் வாரேன் தங்கச்சி" என்றார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கு இனி எந்தக் கோடும் ஏறப்போவதில்லை, இருந்தாலும் பொத்திக்கொண்டார்.

மேற்கே வெயில் சிவக்க ஆரம்பித்திருந்தது. கோகிலவாணி மாரியம்மன் படத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். வாசற்படிக்கு உட்புறம் நின்று கண்ணை மூடினாள். நாக்கு நிஜமாகவே கனத்தது. நிறைமதி மருந்து முகமூடி வைத்து மூச்சு விடுவதை நினைத்துக்கொண்டாள், அதில் வந்த கோபத்தோடு சொன்னாள்.

"நான் போறேன். இனி வரமாட்டேன்."

கண் திறந்தபோது கோடு இறங்கிக்கொண்டிருந்தது. நிலைக்குக் கீழே, பூட்டுக்குக் கீழே, முழங்காலுக்குக் கீழே. தரையைத் தொட்டு மறைந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை பயம் என்று பெட்டியைத் தூக்கினாள்.

கதவு அவள் முகத்துக்கு நேரே மூடிக்கொண்டது.

"பதற வேண்டாம்" என்றது வேர்மானி. இத்தனை மாதத்தில் அது அவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதில்லை. "உங்களுக்கு உதவி வந்துகொண்டிருக்கிறது."

"என்ன உதவி? கதவத் தெற. ஆபீஸ்ல சொல்லச் சொன்னதத்தான் சொன்னேன். நான் ஊருக்குப் போறேன்."

"ஊருக்குப் போகிறவர்கள் வருகிறேன் என்கிறார்கள். வீடு மாற்றுகிறவர்களும், நாடு மாறுகிறவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். இந்த மொழி பேசுகிறவர்களில் போகிறேன், இனி வரமாட்டேன் என்று சொன்ன சிலரின் வீடுகளில் நான் இருந்திருக்கிறேன். அவர்கள் யாரும் எந்த ஊருக்கும் போய்ச் சேரவில்லை. உங்கள் உயிரைக் காப்பது என் முதல் கடமை. மனநல மருத்துவர் நாளைக் காலை வருவார். உங்கள் குடும்பத்துக்கும் தெரிவித்துவிட்டேன்."

அவள் கதவைத் தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. வேர்மானி சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை, அதுதான் பயங்கரம். அவளுடைய மொழியை அவளைவிட நன்றாகக் கற்றிருந்தது அது. எந்த வார்த்தையைச் சொல்ல அவள் பயந்தாளோ அந்த வார்த்தைக்கு அதுவும் பயந்தது.

சுவர்த்திரையில் நல்லசிவம் தெரிந்தான். முகம் வெளிறிப் போயிருந்தது. "வாணி! என்னமோ வந்துச்சு எனக்கு, நீ என்னமோ பண்ணிக்கப் போறேன்னு..."

"ஒண்ணுமில்லீங்க. அது தப்பாப் புரிஞ்சுக்கிச்சு. நான் நல்லாத்தான் இருக்கறேன்."

"அந்தச் சேதிய பாப்பாவும் கேட்டுட்டா வாணி."

அவன் மடியில் நிறைமதி இருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. முகமூடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு திரையைப் பார்த்தே இழுத்து இழுத்துப் பேசினாள். "அம்மா, நீ... போயிருவியா? வரமாட்டியா?"

"இங்கதான் இருக்கறேன் கண்ணு. மூடியப் போட்டுக்கோ."

"வரமாட்டேன்னு சொன்னியாமா..."

"நாளைக்கு உங்கூட இருப்பேன் சாமி. அம்மாவுக்கு உங்கிட்ட இல்லாம வேறெங்க வேலை? மூடியப் போட்டுக்கோ, என் தங்கமல்ல."

"வர்றேன்னு சொல்லு."

கோகிலவாணி தரையைப் பார்த்தாள். கோடு இருந்த இடம் வெறும் வெள்ளைச் சுவராக இருந்தது. பொழுது சாயும்வரை இப்படியே விட்டுவிட்டால் போதும், பதிவு இல்லை. நாளைக்கு எந்த மருத்துவர் வந்து எதைக் கேட்டாலும் கேட்டுவிட்டுப் போகட்டும், அதன்பின் அவள் பிள்ளையோடு இருக்கலாம். கொஞ்ச நேரம். அந்த வார்த்தையை மட்டும் சொல்லாமல் கொஞ்ச நேரம்.

"சொல்லிரு வாணி" என்றான் நல்லசிவம், குரல் உடைந்து. "புள்ளைக்கு ரொம்ப இழுக்குது. மூடிய வெச்சுக்கவே மாட்டேங்கறா. ஒரு வார்த்த சொல்லிரு."

அந்த வார்த்தை கோட்டை என்ன செய்யும் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துதான் கேட்டான்.

"வர்றேன் கண்ணு" என்றாள் அவள்.

முகமூடி குழந்தையின் முகத்தில் ஏறியது. கதவு தானாகத் திறந்துகொண்டது, கடல்காற்று உப்போடு உள்ளே வந்தது. கீழே, தரையை ஒட்டி, நகத்தின் அகலத்துக்குப் பச்சையாக ஒன்று முளைத்தது.

குழந்தை இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வர்றேன் சாமி, அம்மா வர்றேன்" என்றாள் கோகிலவாணி மறுபடியும். மூச்சு சீராகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவைக்கும் கோடு கொஞ்சம் ஏறியது, அவள் நிறுத்தவில்லை.