மஞ்சள் மழைக்கோட்டு

"ஆஆஆ...!"

கத்தியது ரோவீனா. கத்த வேண்டியவனோ கத்தவில்லை.

அக்டோபர் வந்தால் அமெரிக்காவின் ஒஹாயோவில் டாக்கெட் குடும்பத்தின் வைக்கோல் கிடங்கு, காசு கொடுத்துப் பயந்து பார்க்க வருகிறவர்களுக்கான பேய் வீடாகிவிடும். அங்கே பயமுறுத்துவதில் ரோவீனாவை மிஞ்ச ஆளில்லை. மற்ற நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், வெள்ளி மாலையானால் முகமெல்லாம் வெள்ளைச் சாயத்தோடு அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து நிற்பாள். இடது பக்கம் ஒரு பொம்மை ஆடும். வருகிறவர்கள் அதைப் பார்க்கும்போது வலது பக்கத்திலிருந்து பாய்வாள். ஆறு வருஷமாக அலறாமல் போனவர் ஒருவருமில்லை.

இவன் அலறவில்லை. நெடியவன். சாம்பல் நிறக் கண்களில் ஒரு சிரிப்பு...

"நல்லா இருந்துச்சுங்க. ஆனா அரை நொடி முந்திட்டீங்க. 'அட, பொம்மைதானா'ன்னு நிம்மதியா மூச்சு விடுவோம் பாருங்க... அப்ப பாஞ்சிருக்கணும்."

"ஓஹோ! சார் பேய்க்கே பாடம் எடுக்கிறவரோ?"

"பேய்க்கு இவ்வளவு அழகான கண்ணு இருந்தா யாருக்குங்க பயம் வரும்?"

போய்விட்டான். சாயத்துக்கு அடியில் அவள் கன்னம் சுட்டது. கோபம்தான்... வேறென்ன?

வாசலில் நின்ற அண்ணன் டுவைட் அவனை அடையாளம் கண்டிருந்தான். "அவன் யாரு தெரியுமா? கேலம் ப்ரூவிட். ஆத்துக்கு அந்தப் பக்கம் இருபது மைல் தள்ளி மாவு மில்லுல பேய் வீடு நடத்துறாங்களே, அங்க தலைமைப் பேயே அவன்தான். நம்ம வித்தையைத் திருட வந்திருக்கான்!"

திருடவா? அந்தக் கண்களா? நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது. அடுத்த நிமிடமே தலை நிமிர்ந்தது.

"சரி... அவன் வித்தையை நான் போய்ப் பார்க்கிறேன். எதுக்கும் அசைய மாட்டேன், பாரு."

ஞாயிறு மாலை. துளிச் சாயம்கூட இல்லாத முகத்தோடு மில் வாசல் வரிசையில் நின்றாள். மழை கொட்டியது. தனியாக வந்ததால், முன்னால் நின்ற மஞ்சள் மழைக்கோட்டுக்காரனோடு சேர்த்து உள்ளே அனுப்பினார்கள். முகமே தெரியாதபடி முக்காடு. பாவம், முதல் அறையிலேயே நடுங்கினான்.

"பயப்படாதீங்க, என் பின்னாடியே வாங்க. தரை மெத்துமெத்துன்னு இருக்கா? நம்ம கவனத்தைக் காலுக்கு இழுக்கிறாங்க. இப்ப மேலேருந்து ஏதாவது விழும் பாருங்க."

விழுந்தது. அவள் இமைக்கவில்லை.

"அந்தக் கடிகாரச் சத்தம் நின்னதும் சுவரைத் தட்டுவாங்க."

தட்டினார்கள். மஞ்சள் கோட்டு முனகியது. ரோவீனா ராணி போல நடந்தாள்.

கடைசிக் கதவு. வெளிச்சம். மழை வாசம்...

"அவ்வளவுதாங்க. முடிஞ்சு போச்சு," என்று நிம்மதியாக மூச்சை விட்டாள்.

முக்காடு விலகியது. தைத்த உதடுகள், குழி விழுந்த கண்கள்... ஒரு சத்தமும் இல்லாமல் அவள் முகத்துக்கு நேரே!

ரோவீனா வீறிட்டாள். வரிசையே திரும்பிப் பார்த்தது. சேற்றில் வழுக்கி உட்கார்ந்தேவிட்டாள்.

"அடி பட்டுச்சா?" அதே சாம்பல் நிறக் கண்களோடு கேலம் பதறிக் கை நீட்டினான். "தனியா வர்றவங்களோட இப்படித்தான் நடப்பேன். பேசினதும் நீதான்னு தெரிஞ்சுடுச்சு..."

"தொடாதே. உளவாளி!" தானே எழுந்தாள்.

அவன் கை அந்தரத்திலேயே நின்றது. "முதலாளி அனுப்பினது நிஜம்தான். என்ன பார்த்தேன்னு கேட்டார். ஒண்ணும் ஞாபகமில்லைன்னு சொன்னேன்."

"பொய்."

"சத்தியமா. எல்லா அறையும் மறந்து போச்சு ரோவீனா... அந்த ரெண்டு கண்ணு மட்டும்தான் கூடவே வந்துச்சு. பேரைக்கூட உங்க வாசல்ல விசாரிச்சுட்டுத்தான் கிளம்பினேன்."

மழை அவன் சாயத்தைக் கரைத்தது. தைத்த உதடுகள் வழிந்து, நிஜ உதடுகள் தெரிந்தன. அவை நடுங்கின. இது நடிப்பில்லை என்று அவளுக்குப் புரிந்தது. இத்தனை நாள் எத்தனை பேரின் நடுக்கத்தைப் பார்த்திருக்கிறாள்!

"என்ன, தலைமைப் பேய்க்கே பயமா?"

"ஆமா. உன்னைப் பிடிச்சிருக்கு. நீ இல்லைன்னு சொல்லிடுவியோன்னு..."

ரோவீனா நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கினாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லைன்னு சொல்லவா இருபது மைல் மழையில வண்டி ஓட்டிட்டு வந்தேன்... மடையா!"