அளவாள்

காலையில் என் கணவர் பரிதி, தொப்பியும் கைத்தடியுமாகப் பனியாற்றின் அடிவாரத்தில் போய் நிற்பார். அதுதான் அவருக்கு வேலை. சும்மா நிற்பதற்குச் சம்பளமா என்று தூத்துக்குடியிலிருந்து என் தங்கை இன்னும் கேலி செய்கிறாள்.

உலகத்துப் பனியாறுகள் உருகி முடிந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. இப்போது அவற்றைத் திரும்ப வளர்க்கிறோம். இமயத்தின் இந்தச் சரிவில் பனி எப்படி இருந்தது என்பதற்கு ஒரே ஒரு படம்தான் மிஞ்சியிருக்கிறது. கேமரா வருவதற்கு முன் ஓர் அறிவியல் பயணி வரைந்து அச்சிட்டது. நீலமும் சாம்பலுமாகப் பனிக் கோபுரங்கள். கீழே, உயரம் புரிவதற்காக ஒரு குட்டி மனிதன். அந்தக் காலத்துப் படங்களில் இப்படி ஒருவனை நிறுத்துவது வழக்கம். பனிவார்ப்பி என்ற எங்கள் எந்திரத்துக்கும் அவன்தான் அளவு. தினமும் அது பரிதியைப் பார்க்கும். படத்து மனிதனைப் போலப் பனி எத்தனை மடங்கோ, பரிதியைப் போல அத்தனை மடங்கு வரும்வரை ஈரக்காற்றை உறையவைக்கும்.

பனி வளரும் சத்தம் தூங்குகிற குழந்தையின் மூச்சு மாதிரி இருக்கும். அதைக் கேட்டபடி எந்திரத்தின் முன்னால் நான் சொக்கிப்போய் உட்கார்ந்திருப்பேன்.

அன்று மூடுபனி விலகியபோது பக்கத்துப் பாறைச்சுவர் தெரிந்தது. பழைய பனி உரசி வழவழப்பாக்கிய பகுதி ஓர் உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே கரடுமுரடு. எங்கள் பனி அந்தக் கரடுமுரடை எட்டியிருந்தது. பழைய பனி இவ்வளவு உயரம் இருந்ததே இல்லை. வரைந்தவர் மலைத்துப்போய் மனிதனைச் சின்னதாக்கிவிட்டார்! இன்னும் வளர்ந்தால், தினமும் எங்களுக்குத் தேநீர் கொண்டுவரும் டோல்மாவின் ஊர் பனிக்கு அடியில் போய்விடும்.

எந்திரத்தின் கணக்கைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை. மேலதிகாரி கோதண்டத்தை அழைத்தேன்.

"படத்துல இருக்கற மாதிரிதாம்மா வரணும். உலகமே அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கு. ஊரைக் காலி பண்ணச் சொல்லியாச்சு."

"சார், பாறையே சொல்லுதே!"

"பாறையா படம் போட்டுச்சு?" என்று போனை வைத்துவிட்டார்.

ஆத்திரம் தாங்கவில்லை. வாக்கி டாக்கியை எடுத்தேன். "ஏங்க, கொஞ்சம் உக்காருங்க."

"பனியிலயா? உனக்கென்ன கிறுக்கா நாச்சி?"

"உக்காருங்கங்கேன்!"

முனகிக்கொண்டே உட்கார்ந்தார். எந்திரத்தின் மூச்சு மெல்ல அடங்கியது. அளவாள் பாதியானதும், வளர்ந்த பனியே போதுமென்று அது முடிவு கட்டிவிட்டது. பள்ளத்தாக்கு முழுக்க அப்படியொரு அமைதி. கீழே ஊரில் யார் வீட்டிலோ அடுப்புப் புகை எழுந்தது.

நான் பார்த்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன்.

"அப்ப தினமும் உக்காரணும்."

"ஆமா."

"அடுத்த வாரம் மாத்தாள் வாரான். ஊருக்குப் போகணும்னு பெட்டியெல்லாம் கட்டி வச்சிருக்கியே?"

கடலைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது.

"வேண்டாம்னு சொல்லிருங்க" என்றேன். "வாரவன் எந்திரிச்சு நின்னுருவான்."